கென்சிங்டன் வாத்திமார்

மோர்டனில் 93ஆம் இலக்க பஸ் ஏறி விம்பிள்டனில் இறங்கி, டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலைப் பிடித்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் ஹை ஸ்ட்ரீட் கென்சிங்டனில் நிற்கலாம். 1980களில் விசேட அதிரடிப்படைக்குச் சுடப் பழக்கியவர்களுக்கும் கிழக்கிலும் வடக்கிலும் ஹெலிகொப்டர் ஓட்டியவர்களுக்கும் சம்பளம் கொடுத்த நிறுவனம் அந்தப் பகுதியில்தான் அலுவலகம் வைத்திருந்தது. முப்பது வருடங்களுக்கு மேலாக நாங்கள் தென்மேற்கு லண்டனில் குடியிருக்கிறோம். கோயில் வைத்தோம், பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்தினோம், வெஸ்ட்மின்ஸ்டருக்கு ஊர்வலம் போனோம். நான் நடந்த ஊர்வலங்களில் ஒன்றும் கென்சிங்டன் பக்கம் திரும்பியதில்லை.

பில் மில்லர் எழுதிய 'கீனி மீனி' 2020இல் ப்ளூட்டோ பதிப்பகம் வெளியிட்ட ஆங்கில நூல். அதே ஆண்டில் அதையொட்டி ஓர் ஆவணப்படமும் வந்தது. படத்தைப் பார்த்தவர்கள் நம்மவர்களில் கனபேர். நூலை முழுக்க வாசித்தவர்கள் குறைவு என்பது என் அனுமானம். ஏனென்றால் அது பற்றிப் பேசும்போது எல்லோரும் படத்தில் வரும் இடங்களையே சொல்கிறார்கள். நூல் சொல்வது படத்தை விடச் சிக்கலானது. அதன் குறையும் படத்தின் குறையல்ல.

நிறுவனத்தின் பெயர் கே.எம்.எஸ். அந்த எழுத்துகளின் விரிவுதான் கீனி மீனி. புல்லுக்குள் பாம்பு நெளிவதைக் குறிக்கும் சொல் என்று பட்டாளத்துக்காரர் விளக்கம் சொல்வார்கள். 1970களின் நடுப்பகுதியில் எஸ்.ஏ.எஸ். படையிலிருந்து விலகிய அதிகாரிகள் சிலர் தொடங்கியது. முதலில் ஆபத்தான நாடுகளில் பிரித்தானியத் தூதர்களுக்கு மெய்க்காவல். பிறகு ஓமானில் சுல்தானின் விசேட படைக்குப் பயிற்சி. 1984 ஜனவரியில் கொழும்பு. அப்போது ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தனாவின் மகன் ரவி, தகப்பனின் பாதுகாப்பு ஆலோசகர். பொலிசுக்குள் புதிதாக ஒரு துணைப்படை உருவாகிக்கொண்டிருந்தது. அதற்கு வாத்திமார் தேவைப்பட்டார்கள்.

மில்லரின் நூலில் நான் இரண்டு தடவை திரும்பி வாசித்த பகுதி இதுதான். 1980இல் எஸ்.ஏ.எஸ். நேரடியாகவே இலங்கைப் படைக்குப் பயிற்சி கொடுத்திருந்தது. 1983 ஜூலைக்குப் பிறகு அதே வேலையைச் சீருடையோடு செய்ய லண்டன் தயங்கியது. இந்தியாவோடு பெரிய வியாபாரம் இருந்தது. டெல்லி கோபித்தால் நட்டம். ஆனால் கொழும்பைக் கைவிடவும் மனமில்லை. பிரித்தானிய உதவிப் பணத்தில், பிரித்தானிய நிறுவனங்களின் கையால் விக்டோரியா அணை எழுந்துகொண்டிருந்தது. 1985 ஏப்ரலில் மார்கரெட் தட்சர் நேரே வந்து அதைத் திறந்துவைத்தார். இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில் கே.எம்.எஸ். கச்சிதமாகப் பொருந்தியது. இந்தியா ஆட்சேபித்தபோது லண்டனிடம் பதில் தயாராக இருந்தது: அது தனியார் நிறுவனம், எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை.

இந்தப் பதிலை மில்லர் கோப்பு கோப்பாகப் பிரித்துக் காட்டுகிறார். கோபப்படுவதில்லை. வெளியுறவு அலுவலகத்து அதிகாரி ஒருவர் என்ன எழுதினார், அடுத்த மேசைக்காரர் ஓரத்தில் என்ன குறித்தார் என்று நிதானமாகப் போகிறார். நம் அரசியல் எழுத்தில் இந்தப் பொறுமை அபூர்வம். நாம் முதல் பந்தியிலேயே தீர்ப்பை எழுதிவிட்டு மிச்சப் பந்திகளில் அதைத் திருப்பித் திருப்பிச் சொல்பவர்கள். 1970களின் கடைசிக் காலத்து இலங்கைக் கோப்புகளில் ஏறத்தாழ 200 அழிக்கப்பட்டுவிட்டன என்பதை வெளிக்கொண்டுவந்தவரும் இவர்தான். அவை கே.எம்.எஸ். கொழும்புக்குப் போவதற்கு முந்தியவை. ஆனாலும் ஓர் அரசு எந்த அலுமாரியை முதலில் காலிசெய்கிறது என்பதில் ஒரு செய்தி இருக்கிறது.

கோப்பு போதாத இடத்தில் மில்லர் கூலிப்படையினரின் சொந்த நூல்களுக்குப் போகிறார். ஹெலிகொப்டர் விமானி டிம் சிமித்தின் நினைவுக்குறிப்பு 2002இல் வந்தது. தலைப்பைத் தமிழில் சொன்னால் 'விருப்பமில்லாத கூலிப்படையாள்'. மாதுறு ஓயாவில் பயிற்சி கொடுத்துவிட்டு இடையில் வேலையை விட்ட ரொபின் ஹோர்ஸ்ஃபோலின் நூலும் அதே ஆண்டு. இவை இலக்கியமாக எடுபடாது. ஆனால் தன் கண்முன் நடந்ததை எழுதிவிட்ட ஒரு விமானி, தான் எண்ணியிராத விதத்தில் சாட்சியாகிவிடுகிறார். விருப்பமில்லாமல் போனவர் என்கிறாரே, விருப்பம் யாருடையது என்ற கேள்விதான் அவர் புத்தகத்தில் இல்லை.

மில்லரின் நூலிலும் அந்தக் கேள்விக்குப் பாதிப் பதில்தான் இருக்கிறது. என் குறை இங்கே தொடங்குகிறது. அவர் அரசைத் துரத்துகிறார். எந்த மந்திரிக்குத் தெரியும், எந்த அதிகாரி கண்ணை மூடினார் என்பது அவருடைய வழக்கு. பணக்காரர்கள் பக்கத்தில் நின்றுவிட்டுப் போகிறார்கள். தனியார் படை என்ற எண்ணமோ ஓர் அரசாங்க அலுவலகத்தில் பிறந்ததல்ல. அது காசுள்ளவர்களின் மேசையில் பிறந்தது, அவர்களுடைய அரசியல் ஆசையோடு சேர்ந்தே பிறந்தது.

இதைக் காட்டுவதற்கு மில்லரின் நூலோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது அடம் கர்ட்டிஸ் 1999இல் பிபிசிக்குச் செய்த நான்கு பகுதித் தொடர், 'த மேஃபெயர் செட்'. எஸ்.ஏ.எஸ். படையை உருவாக்கிய டேவிட் ஸ்டேர்லிங், பங்குச் சந்தை வித்தகர் ஜிம் சிலேற்றர், உணவுத் தொழிலதிபர் ஜேம்ஸ் கோல்ட்ஸ்மித், ஆபிரிக்கச் சுரங்கங்களின் ரைனி ரோலண்ட். எல்லோரும் பார்க்லி சதுக்கத்திலிருந்த கிளர்மொன்ட் என்ற சூதாட்டக் கழகத்தில் பழகியவர்கள். 1960களில் யேமனில் பிரித்தானிய அரசு நேரடியாக இறங்க விரும்பாத சண்டைக்கு ஸ்டேர்லிங்கின் வட்டம் ஆள் அனுப்பியது, சவூதிப் பணம் வந்தது. அந்த வேலையை ஒழுங்குசெய்தவர் ஜிம் ஜோன்சன், லொயிட்ஸில் காப்புறுதித் தரகர். பின்னாளில் கே.எம்.எஸ். நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் அதே ஜோன்சனும் ஒருவர். ஆபத்துக்கு விலை போடத் தெரிந்த தரகரின் கையில் இந்தத் தொழில் வளர்ந்தது தற்செயல் அல்ல என்று நினைக்கிறேன்.

1974இல் ஸ்டேர்லிங் ஜிபி75 என்று ஓர் அமைப்புக்குத் திட்டம் போட்டார். தொழிற்சங்கங்கள் பொது வேலைநிறுத்தம் செய்தால் தொண்டர்களைக் கொண்டு மின்நிலையங்களை இயக்குவது. திட்டம் ஒரு சமாதான இயக்கப் பத்திரிகையின் கையில் கிடைத்து வெளியாகிவிட, அது அமுங்கியது. யேமனில் பழகியதை பிரித்தானியாவிலேயே செய்துபார்க்கும் ஆசை என்றுதான் இதை வாசிக்க வேண்டும். கோல்ட்ஸ்மித்துக்குப் படை தேவைப்படவில்லை, நேரே கட்சியே வாங்கினார். 1997 பொதுத்தேர்தலில் அவருடைய வாக்கெடுப்புக் கட்சி 547 தொகுதிகளில் வேட்பாளர் நிறுத்தியது, ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை. அவர் நின்றது பட்னியில். நான் முதலில் சொன்ன அதே 93ஆம் பஸ்ஸில் கடைசி வரை போனால் பட்னி பாலம். (இன்னொன்று: நம் வீட்டு மேசைகளில் இருக்கும் மார்மைட்டை 1970களில் சொந்தமாக வைத்திருந்தது இவருடைய கவன்ஹம் நிறுவனம்தான். பிள்ளைகளுக்குப் பாணில் பூசிக் கொடுக்கும்போது இதெல்லாம் யாருக்குத் தெரியும்.)

கர்ட்டிஸின் தொடருக்கு வேறு குறை. அவருக்குப் பணக்காரர்கள் மீது ஒரு மயக்கம் இருக்கிறது. விமர்சிக்கிறேன் என்றபடி அவர்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பழைய படத்துண்டுகள், பின்னணி இசை, அவருடைய குரல் எல்லாம் சேர்ந்து அவர்களைக் கதாநாயகர்கள் ஆக்கிவிடுகின்றன. யேமனில் செத்தவன் முகம் நினைவில் நிற்பதில்லை, ஸ்டேர்லிங்கின் உயரம் நிற்கிறது. மில்லரிடம் சாவு இருக்கிறது, முதலாளி மங்கல். கர்ட்டிஸிடம் முதலாளி இருக்கிறார், சாவு மங்கல்.

இரண்டும் ஒரே சட்டத்துக்குள் வரும் இடம் ஒன்று உண்டு. அது நிக்கராகுவா. மில்லர் அங்கே போகிறார். அமெரிக்கக் காங்கிரஸ் 1984இல் கொன்ட்ரா படைக்குப் பணம் கொடுப்பதைத் தடைசெய்தபோது, வெள்ளை மாளிகை அதிகாரி ஒலிவர் நோர்த் தனியாரிடம் கையேந்தினார். பியர் தொழிலதிபர் ஜோசப் கூர்ஸ் ஒரு சிறிய விமானத்துக்கு 65,000 டொலர் கொடுத்தார். அதை 1987இல் காங்கிரஸ் விசாரணையில் அவரே சொன்னார். பழமைவாத அரசியலின் சிந்தனைக்கூடமான ஹெரிட்டேஜ் அறக்கட்டளைக்கு 1973இல் தொடக்கப் பணம் போட்டவரும் இதே மனிதர். மனாகுவாவில் நடந்த குண்டுவெடிப்பு பற்றிக் கேட்டபோது நோர்த் சொன்ன பெயர் கே.எம்.எஸ். பங்காளி டேவிட் வோக்கர். வோக்கர் அந்தக் காலத்தில் சரே மாவட்டத்து எல்ம்பிரிட்ஜ் உள்ளூராட்சி மன்றத்தில் கன்சர்வேட்டிவ் உறுப்பினராகவும் இருந்தவர். ஒரு பக்கம் குப்பை அள்ளும் நாளைப் பற்றி வாக்காளருக்குப் பதில், மறுபக்கம் மனாகுவா. மோர்டனிலிருந்து எஷர் எவ்வளவு தூரம்? ஞாயிற்றுக்கிழமை காரில் அரை மணித்தியாலம்.

கொழும்புக்கு வருவோம். மில்லரின் நூலில் 1983 ஜூலை ஒரு பின்னணி. ஆனால் தனியார் படை பற்றிய நூலில் அது முதல் அத்தியாயமாக வந்திருக்க வேண்டும். கைத்தொழில் அமைச்சர் சிறில் மத்யூவின் கையில் ஜாதிக சேவக சங்கமய என்ற தொழிற்சங்கம் இருந்தது. 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 40,000 பேர் வேலையிழந்தபோது அடிக்க வந்தவர்கள் அந்தச் சங்கத்தார். 1983 ஜூலையில் அரசுக் கூட்டுத்தாபனங்களின் லொறிகளில் ஏறி, கையில் வாக்காளர் இடாப்போடு வந்தவர்களிலும் அவர்கள் இருந்தார்கள். ஒரு நாட்டின் கைத்தொழில் அமைச்சு தன் தொழிலாளரைக் கொண்டே கைத்தொழிற்சாலைகளை எரிப்பித்த விசித்திரம் இது. கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிந்தது, ஏ.வை.எஸ். ஞானத்தின் நெசவாலைகள் எரிந்தன. அமைச்சர்களோடு நல்லுறவும் தேர்தலுக்கு நன்கொடையும் போதும் என்றிருந்த தமிழ் முதலாளிகள் பலருக்கு ஒரே கிழமையில் கணக்கு பிழைத்தது. அவர்களிடம் காசு இருந்தது. அரசியல் ஆசை இருக்கவில்லை, காவலும் இருக்கவில்லை.

சிங்கள முதலாளிகளில் அந்த ஆசையை ஒளிக்காதவர் உபாலி விஜேவர்த்தன. கண்டோஸ் சொக்லேட்டும் டெல்ரா ரொபியும் நம் தலைமுறைக்கு அவரால் வந்தவை. ஜே.ஆரின் உறவினர். பெருங்கொழும்புப் பொருளாதார ஆணைக்குழுவின் தலைவர். 1981இல் 'தி ஐலண்ட்' பத்திரிகையைத் தொடங்கினார். ஜே.ஆருக்குப் பிறகு யார் என்ற பேச்சில் பிரேமதாசாவுக்குப் போட்டியாக அவர் பெயர் அடிபட்டது. 1983 பெப்ரவரி 13இல் அவருடைய சொந்த ஜெட் விமானம் மலாக்கா நீரிணைக்கு மேல் காணாமல் போனது. ஐந்து மாதத்தில் ஜூலை வந்தது. உபாலி இருந்திருந்தால் என்ன என்று கொழும்பில் இன்றும் கதைப்பார்கள், எனக்கு அந்த விளையாட்டில் அக்கறையில்லை. நான் கவனிப்பது வேறு. அந்த ஆட்சியில் அரசும் குடும்பமும் தொழிலும் ஒரே வீட்டின் அறைகள். அமைச்சர் சங்கத்தைப் படையாக வைத்திருந்தார், முதலாளி பத்திரிகையைப் படையாக வைத்திருந்தார், மகன் கென்சிங்டனிலிருந்து வாத்திமாரை வரவழைத்தார். 1984 டிசம்பரில் மத்யூ பதவியிழந்தார். உள்ளூர்க் குண்டர்களால் உலகத்தின் முன் ஏற்பட்ட அவமானத்துக்குப் பிறகு, சீருடையும் ஒழுங்கும் உள்ள ஒரு படையை வெளியிலிருந்து விலைக்கு வாங்குவது மரியாதையான வழியாகத் தெரிந்திருக்கும். மில்லர் இந்த இணைப்பைச் செய்திருந்தால் நூல் இன்னும் கனத்திருக்கும்.

அந்த மரியாதையின் பலன் 1987 ஜனவரி 27, 28இல் கொக்கட்டிச்சோலையில் தெரிந்தது. அதிரடிப்படையினர் சுற்றிவளைத்த இடங்களில் மகிழடித்தீவின் இறால் பண்ணையும் ஒன்று. வெளிநாட்டு முதலீட்டில் நடந்த பண்ணை. அங்கே வேலைசெய்த பொடியன்களும் செத்தவர்களில் அடக்கம். கே.எம்.எஸ். அப்போதும் நாட்டில் இருந்தது.

தனியார் படை வெள்ளைக்காரன் கொண்டுவந்த நோய் என்று முடித்துவிடவும் முடியாது. நம் கல்வெட்டுகள் இடம் தரா. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் கணத்தார் தமக்கென்று ஆயுதம் ஏந்திய வீரர்களை வைத்திருந்தார்கள். அவர்கள் காத்த வணிக ஊர்கள் எறிவீரபட்டினங்கள். ஈழத்தில் வாகல்கடவிலும் பதவியாவிலும் அதன் தடம் தமிழில் கிடைக்கிறது. பொலனறுவையில் தமிழில் உள்ள வேளைக்காரர் கல்வெட்டு இன்னும் சுவையானது. முதலாம் விஜயபாகுவின் கூலிப்படையாக இருந்தவர்கள், அவன் சோழநாட்டின் மேல் போகச் சொன்னபோது மறுத்துக் கலகம் செய்தவர்கள். பிறகு அதே கணத்தார் புத்தரின் தந்ததாதுக் கோயிலைக் காப்பதாகப் பொறுப்பேற்று, அந்த உடன்படிக்கையைக் கல்லில் வெட்டிவைத்தார்கள். யார் கேட்டார், எதைக் காப்போம் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. தொள்ளாயிரம் வருடத்துக்கு முந்திய ஒப்பந்தத்தை இன்று நின்று வாசிக்கலாம். 1984இன் ஒப்பந்தத்தை அப்படி யாரும் நமக்குக் காட்டியதில்லை.

என் மகள் இங்கே பிறந்தவள். நான் முடித்த பிறகு நூலை வாங்கிக்கொண்டு போனாள். ஒரு கிழமை கழித்துப் போனில் கேட்டாள்: "அப்பா, இவையும் செக்யூரிட்டிக் கொம்பனி எண்டுதானே கிடக்கு. நீங்கள் செய்ததும் செக்யூரிட்டி. ரெண்டுக்கும் ஒரே சொல்லோ?"

"ஓம் பிள்ளை, ஒரே சொல்தான்" என்றேன். வேறென்ன சொல்வது.

அகதியாக வந்த நம்மவரில் எத்தனையோ பேர் செய்த முதல் வேலை அது. பெற்றோல் ஸ்ரேசன் அல்லது செக்யூரிட்டி. நான் பதினொரு வருடம் ஒரு பண்டகசாலையின் இரவு வாசலில் இருந்தேன். 2001இன் தனியார் பாதுகாப்புத் தொழில் சட்டம் வந்து, 2006 முதல் உரிமம் கட்டாயமான பிறகு, சில நாள் வகுப்புக்குப் போய், குற்றப்பதிவு இல்லை என்று காட்டி, காசு கட்டி, படம் போட்ட அட்டையைக் கையில் மாட்டிக்கொண்டுதான் கதவில் நிற்க முடிந்தது. அட்டை இல்லாமல் நின்றால் குற்றம். நல்ல சட்டம், அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் அது உள்நாட்டுக் கதவுக்கு மட்டும். அயல்நாட்டுக்கு ஹெலிகொப்டர் விமானிகளை அனுப்பும் நிறுவனத்துக்கு அப்படி ஓர் அட்டை இல்லை. 1870இன் அயல்நாட்டுப் படைச்சேர்ப்புச் சட்டம் புத்தகத்தில் கிடந்தது. அங்கோலாவில் கூலிப்படையினர் பிடிபட்ட பிறகு, 1976இல் டிப்லொக் பிரபுவின் குழு அது நடைமுறைக்கு உதவாது என்று அறிக்கை கொடுத்தது, அறிக்கையும் கிடந்தது. 2002இல் அரசு பல வழிகளை ஆராயும் ஒரு பச்சை அறிக்கை வெளியிட்டது. கடைசியில் நிலைத்தது, நிறுவனங்கள் தாமாகக் கையெழுத்திடும் நடத்தைக் கோவை. பண்டகசாலைக் காவலாளிக்குச் சட்டம், கென்சிங்டன்காரருக்குக் கோவை.

மகளின் கேள்வி ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கலும்கூட. இந்த நூல் தமிழில் வர வேண்டும் என்பது என் விருப்பம். வரும்போது முதலில் தீர்க்க வேண்டியது சொல். நாம் எழுதும் 'கூலிப்படை' சரியாகப் படவில்லை எனக்கு. கூலி என்றால் நமக்கு நாட்கூலி, வயல் கூலி, இரவு வாசல் கூலி. அந்தச் சொல்லில் பழி முழுவதும் சம்பளம் வாங்கியவன் தலையில் விழுகிறது, கொடுத்தவன் தப்பிவிடுகிறான். 'பாதுகாப்பு நிறுவனம்' என்றால் அவர்களுடைய விளம்பரத்தையே நாம் அச்சடித்துக் கொடுத்ததாகும். 'வாடகைப்படை' என்று ஒரு சொல்லை யோசிக்கிறேன். வாடகை என்றால் வீட்டுக்காரர் யார், குடியிருந்தவர் யார் என்று கேட்கத் தோன்றும். நல்ல சொல் உள்ளவர்கள் எழுதுங்கள்.

இரண்டாவது, தமிழ்ப் பதிப்புக்கு மில்லரிடம் இல்லாத ஒரு பின்னிணைப்பு வேண்டும். ஒரு பக்கத்தில் கே.எம்.எஸ். நாட்டில் இருந்த மாதங்கள், எதிர்ப்பக்கத்தில் அந்த மாதங்களில் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வடக்கிலும் நடந்தவை, ஊர்ப் பெயரோடு. லண்டன் மாநகரப் பொலிசின் போர்க்குற்றப் பிரிவு 2020இல் கே.எம்.எஸ். பற்றி விசாரணை தொடங்கியதாக அறிவித்தது. ஆங்கிலக் கோப்பை மில்லர் கொடுத்துவிட்டார். எந்த நாளில், எந்த வெளியில், ஹெலிகொப்டர் எவ்வளவு தாழப் பறந்தது, ஓட்டியவன் முகம் வெள்ளையா என்பதைச் சொல்லக்கூடியவர்கள் தமிழில்தான் சொல்வார்கள். அவர்களில் சிலர் இப்போது எழுபது தாண்டியவர்கள். இந்தப் பஸ்களில் முன் ஆசனத்தில் இருந்து வருகிறவர்கள்.